ஒரு உலை, இரண்டு வேளை: சிக்கனத்தைப் புகழ்கிறவர்களுக்கு

ஆய்வு உதவித்தொகை வராமல் இது நான்காவது மாதம். மெஸ் பாக்கி ஏறிக்கொண்டே போனதால் நானும் அறைத் தோழரும் ஒரு மின்னடுப்பு வாங்கி, அறையிலேயே இரவுச் சாப்பாடு ஆக்கத் தொடங்கினோம். முப்பத்திரண்டு வயதில், முனைவர் பட்ட ஆய்வின் கடைசி ஆண்டில், முதன்முறையாக உலை வைக்கக் கற்றுக்கொள்கிறேன். இதில் பெருமைப்பட எதுவும் இல்லை. அம்மாவும் அக்காவும் இருந்த வீட்டில் ஆம்பளைப் பிள்ளையாக வளர்ந்த சொகுசு அது.

திருச்சுழிப் பக்கம் ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ஏம்மா, ரெண்டு பேருக்கு நூறு ரூவாய்க்குள்ள ராத்திரிச் சாப்பாடு ஆக்கணும். என்ன செய்ய?"

அம்மா சிரித்தார். "நூறு ரூவாய்க்கு விருந்தே வைக்கலாமேய்யா! தட்டப்பயறு இருக்கா? வெறுஞ்சட்டியில வாசம் வர்ற வரைக்கும் வறுத்துட்டு வேகப் போடு, சீக்கிரம் வெந்துரும். ரெண்டு கத்திரிக்காய அறுத்துப் போட்டு, புளியக் கரைச்சு ஊத்து. எண்ணெயக் கடைசியில தாளிக்க மட்டும் ஊத்து. கொழம்பக் கொஞ்சம் சுண்ட வச்சேன்னா நாளைக்கும் ஆகும். மீந்த சோத்துல தண்ணிய ஊத்தி வையி. காலையில ஒரு வெங்காயத்தக் கடிச்சுக்கிட்டுப் போயிரலாம்."

அன்று குழம்புக்கு ஆன செலவு நாற்பது ரூபாய்கூட இல்லை. அரிசி, அம்மா கொடுத்துவிட்ட ரேஷன் அரிசி. மறுநாள் காலைச் செலவு ஒரு வெங்காயம்.

அதே வாரம் ஒரு கல்லூரியில் நடந்த பாரம்பரிய உணவுத் திருவிழாவுக்கு நண்பர் அழைத்துப் போனார். மண் குவளையில் கம்மங்கூழ், 60 ரூபாய். பக்கத்தில் மோர் மிளகாயும் நாலு வத்தலும். பந்தலுக்கு மேலே 'நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல' என்று பேனர். மேடையில் பேசியவர், அந்தக் காலத்து மக்கள் எளிமையாக, அளவோடு, கிடைத்ததை வைத்துச் சிக்கனமாகச் சாப்பிட்டு நோய் நொடியில்லாமல் வாழ்ந்தார்கள் என்றார். ரேஷன் அரிசி வந்துதான் ஜனங்களின் உடம்பையும் உழைப்பையும் கெடுத்துவிட்டது என்றும் சொன்னார். பலத்த கைதட்டல்.

அவர் சொன்ன 'முன்னோர்' யார் என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன். அந்தக் கூழைக் காய்ச்சிய கை என் பாட்டியுடையது. ஆனால் அந்தப் பந்தலில் என் பாட்டியின் கூலியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கூலி வந்த பிறகுதான் உலை

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வட்டாரத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கரிசலும் செவலும் கலந்த மானாவாரிக் காடு. வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் வெள்ளாமை. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் தை, மாசிக்குள் அறுப்பு முடிந்துவிடும். கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி, மல்லி, பாசி, உளுந்து என்று மழைக்குத் தகுந்தபடி. குண்டாறு என்று ஒரு ஆறு இருக்கிறது. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் அது மணல்தான். பங்குனி தொடங்கினால் காட்டு வேலை இல்லை. சீமைக்கருவேல முள்ளை வெட்டுவதும் கரிமூட்டம் போடுவதும்தான் பிழைப்பு.

நிலம் இருந்தவர்களைச் சம்சாரி என்பார்கள். எங்கள் காலனியில் சம்சாரி யாரும் இல்லை. எல்லோரும் கூலி. பகலெல்லாம் களை வெட்டிவிட்டு, பொழுது சாய்ந்த பின் கூலி வாங்கி, அந்தக் காசோடு கடைக்குப் போய், சாமான் வாங்கி வந்த பிறகுதான் அடுப்பு எரியும். எங்கள் ஊரில் அடுப்புச் சாப்பாடு என்றால் அது இரவுச் சாப்பாடுதான். காலையில் நீச்சத்தண்ணி. மதியத்துக்குத் தூக்குச்சட்டியில் அதே பழையது. ஒரு உலையில் இரண்டு வேளை, முடிந்தால் மூன்று வேளை. நேரத்தை மிச்சப்படுத்தவோ குடலுக்கு நல்லது என்றோ யாரும் இப்படித் திட்டமிடவில்லை. கூலி சாயங்காலம் வந்தது, விறகு தலைச்சுமையாக வந்தது. ஒரு நாளில் இரண்டாவது உலைக்கு வழி இல்லை.

கூலி தினம் தினம் வந்ததால் சாமானும் தினம் தினம்தான். ரெண்டு ரூபாய்க்கு எண்ணெய், ஒரு ரூபாய்க்கு மல்லி மிளகாய், ஒரு ரூபாய்க்குப் புளி என்று அம்மா என்னைக் கடைக்கு அனுப்புவார். சின்னச் சீசாவின் அடியில் விரற்கடை எண்ணெய் நிற்கும். வளர்ந்து கணக்குப் போட்ட பிறகுதான் ஒன்று புரிந்தது. மாதச் சாமான் மொத்தமாக வாங்கும் வீட்டைவிட, பொட்டலம் பொட்டலமாக வாங்கிய எங்கள் வீடுதான் ஒவ்வொரு கிராமுக்கும் அதிக விலை கொடுத்தது. இன்று பட்ஜெட் சமையல் காணொளிகளில் சொல்லும் முதல் அறிவுரை, 'மொத்தமாக வாங்கி வையுங்கள், மிச்சமாகும்' என்பது. மொத்தமாக வாங்க மொத்தமாகக் காசு வேண்டும். சிக்கனமாக இருப்பதற்கும் முதல் தேவை.

பொறுக்கி எடுத்த வெஞ்சனம்

இந்த நெருக்கடிக்குள் எங்கள் பெண்கள் சேர்த்து வைத்த அறிவு சாதாரணமானது இல்லை. அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நானும் அந்த மேடைப் பேச்சாளரைப் போலத்தான் ஆவேன்.

கம்பைச் சோறாக்குவது எவ்வளவு வேலை என்று குவளையில் வாங்கிக் குடிப்பவர்களுக்குத் தெரியாது. கம்பில் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, உரலில் போட்டு உலக்கையால் குத்தி, புடைத்து, உமி போக்கி, மறுபடியும் இடிக்க வேண்டும். மாவைத் தனியே, குருணையைத் தனியே பிரிக்க வேண்டும். உலை கொதித்ததும் முதலில் குருணை, அது வெந்து வரும்போது மாவு, அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். நாள் முழுக்கக் காட்டில் குனிந்து நிமிர்ந்த பெண், இருட்டிய பிறகு செய்த வேலை இது. குதிரைவாலி இன்னும் மோசம். எத்தனை முறை குத்தினாலும் உமி போகாது. இந்த வேலையைப் பேனர் காட்டுவதில்லை.

வெஞ்சனம் காட்டிலிருந்து வந்தது. மழை பெய்த கரிசலில் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் களையாக முளைக்கும். களை எடுக்கும்போதே ஆய்ந்து மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். வேகவைத்து, புளியும் மிளகாயும் போட்டுக் கடைந்தால் ஒரு சட்டி வெஞ்சனம். மிதுக்கங்காயைப் பறித்து, மோரில் ஊறப்போட்டு வத்தலாக்கினால் வேலையில்லாத மாதங்களுக்கு ஆகும். அதலைக்காய் என்று ஒன்று இருக்கிறது. பாகற்காயின் தங்கை. விதைக்காமலே கிழங்கிலிருந்து முளைக்கும். பறித்ததை வைத்திருந்தால் வெடித்துவிடும் என்பதால் சீக்கிரம் ஆக்கிவிட வேண்டும். காம்பையும் நுனியையும் கிள்ளிவிட்டு, சின்ன வெங்காயத்தோடு வதக்கினால் அந்தக் கசப்புக்கு ஒரு கும்பா சோறு கூடுதலாக இறங்கும். எந்தக் களை எந்த மழைக்கு முளைக்கும், எதைத் தின்றால் வயிற்றுக்கு ஆகாது என்பதெல்லாம் எழுத்தறியாத என் பாட்டிக்குத் தெரியும். இதைத் தாவரவியல் என்று யாரும் சொன்னதில்லை.

ஆனால் அந்தக் களைக்கும் ஒரு காவல் இருந்தது. வேலை முடிந்து கிளம்பும்போது, மடியை அவிழ்த்துக் காட்டச் சொன்ன காட்டுக்காரரைப் பற்றி அம்மா சொல்லியிருக்கிறார். களையோடு பருத்தியோ பயறோ போகிறதா என்று பார்க்க வேண்டுமாம். அவர் வீட்டு மாட்டுக்கும் உதவாத கீரையை எடுத்துவர என் அம்மா ஒரு ஆணின் முன்னால் முந்தானையை அவிழ்க்க வேண்டியிருந்தது. 'இயற்கையோடு இயைந்த வாழ்வு' என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மடிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

மீந்த சோறு யாருக்கு?

பழைய காலத்து இரவுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் இன்னொன்றையும் பேசியாக வேண்டும். கூலி இல்லாத நாட்களில் உலை ஏறாது. அன்று சம்சாரி வீட்டுத் தொழுவத்தைக் கூட்டிவிட்டுக் கொல்லைப்புறம் நின்றால், மீந்த சோறு ஏனத்தில் விழும். கைபடாமல், உயரத்திலிருந்து. இதே விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் பிறந்த பாமா, 1992-இல் வெளிவந்த 'கருக்கு' நூலில் தன் பாட்டி அப்படிச் சோறு வாங்கி வந்ததை எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு நான் அம்மாவிடம் கேட்டபோது, "நம்ம வீட்டுலயும்தான். இதப் போயி யாரு பொஸ்தகத்துல எழுதுனது?" என்றார்.

மீந்ததைப் போடுவது தர்மம் என்றுதான் போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் அது ஒரு கயிறு. இன்றிரவு அந்த வீட்டில் சோறு வாங்கியவர், நாளைக் காலை அந்த வீட்டு வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. கூலி போதாது என்றும் கேட்க முடியாது. பசிதான் ஊர்க் கட்டுப்பாட்டின் அஸ்திவாரம். ஊர் எதிர்த்தால் முதலில் நிறுத்தப்படுவது வேலையும் சோறும்தான்.

நாம் சுத்தமானவர்கள் என்றும் சொல்லிக்கொள்ள முடியாது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவலில், பறையர் காலனிக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பம் அந்தக் காலனி வீடுகளில்தான் இரவுச் சோறு எடுக்கும். மேலே கை நீட்டிய நாமே கீழே உயரத்திலிருந்து போட்டிருக்கிறோம். சாதி தட்டில்கூடப் படிவரிசை வைத்திருந்தது.

1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் அம்பேத்கர், செத்த மாட்டை உண்பதையும் வீசப்படும் எச்சில் சோற்றையும் விட்டுவிடுங்கள் என்று தம் மக்களிடம் சொன்னார். சுயமரியாதைக்கான அந்த அழைப்பு நெஞ்சைத் தொடுகிறது. ஆனால் எச்சிலை வேண்டாமென்று சொல்ல, சொந்தச் சட்டியில் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

எங்கள் வீட்டுச் சட்டியில் அதைக் கொண்டுவந்து சேர்த்தது ரேஷன் அரிசி.

1997-இல் ஒன்றிய அரசு வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று மக்களைப் பிரித்தபோது, தமிழ்நாடு அப்படிப் பிரிக்காமல் எல்லோருக்குமான ரேஷனைத் தொடர்ந்தது. நான் பள்ளியில் படிக்கும்போது கிலோ 3 ரூபாய் 50 காசு. 2006-இல் 2 ரூபாய். 2008-இல் 1 ரூபாய். 2011 ஜூனிலிருந்து இலவசம், அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை. 2007-இல் வந்த சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பும் பாமாயிலும் சேர்ந்தன. இன்று பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்.

இந்த எண்களுக்கு எங்கள் தெருவில் வேறு அர்த்தம் உண்டு. அரிசி 2 ரூபாய்க்கு வந்த பிறகு, அம்மா தொழுவம் கூட்டப் போவதை நிறுத்தினார். யாரிடமும் சண்டை போடவில்லை, அறிவிக்கவில்லை. ஒரு நாள் போகவில்லை, அப்புறம் போகவே இல்லை. ஒரு மாத அரிசி வீட்டில் இருந்தது, அவ்வளவுதான். என் ஆய்வில் 'விடுதலை' என்ற சொல்லைப் பல பக்கங்களில் எழுதியிருக்கிறேன். நான் கண்ணால் பார்த்த விடுதலை ஒரு சாக்கில் கட்டி, சைக்கிள் கேரியரில் வந்தது.

அதனால்தான் 'அரிசி சும்மா கிடைக்குது, எவன் வேலைக்கு வர்றான்?' என்ற புலம்பலை நான் பொருளாதாரக் கருத்தாக எடுத்துக்கொள்வதில்லை. சொன்ன கூலிக்குக் கைகட்டி வந்த ஆள் இப்போது வரவில்லை என்பதுதான் அதன் பொருள். இது டீக்கடைப் பேச்சு மட்டும் இல்லை. 2018 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்றே, எல்லோருக்கும் இலவச அரிசி கொடுத்ததால் மக்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்ற கருத்தைச் சொன்னது. சித்திரை வெயிலில் முள் வெட்டிக் கரிமூட்டம் போடும் என் சித்தப்பாவைப் பார்த்துச் 'சோம்பேறி' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பேனரில் இடம்பெறாத உணவு

2023-ஐ ஐ.நா. பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு பட்ஜெட்டில் ஒன்றிய அரசு சிறுதானியங்களுக்கு 'ஸ்ரீ அன்னம்' என்று பெயர் சூட்டியது. கம்புக்கும் கேப்பைக்கும் ஸ்ரீ ஒட்டிக்கொண்டது. அதைத் தின்றவர்களைப் பள்ளிக்கூடத்தில் 'கூழுக் குடிச்சான்' என்று கேலி செய்த காலம் ஒன்று இருந்தது. உணவுக்குப் பூணூல் போட்டாயிற்று, உண்டவருக்கு இன்னும் காலனிதான்.

அந்தத் திருவிழாவில் இருபது வகைப் பாரம்பரிய உணவுகள் இருந்தன. உப்புக்கண்டம் இல்லை. மாட்டுக்கறியைக் கீற்றுக் கீற்றாக அறுத்து, உப்பும் மஞ்சளும் தடவி, கொடியில் காயவைத்து, வேலையில்லாத மாதங்களில் நாலு துண்டு சுட்டுக் கஞ்சிக்குக் கடித்துக்கொள்வோம். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் புரதத்தைச் சேமித்த முறை அது. இதைவிடச் சிக்கனமான, இதைவிடப் பழைமையான வீட்டுச் சாப்பாடு எது? ஆனால் பாரம்பரியப் பட்டியல் தயாராகும்போது சாதிதான் சமையல்காரர். மராட்டியத்தில் ஷாகு பட்டோலே தன் மாங்கு, மகர் சமூகங்களின் சமையலை 2015-இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். தமிழில் நம் தெருச் சமையலுக்கு அப்படி எத்தனை புத்தகங்கள்?

இன்னொரு பக்கம், 2018-இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையத்தில், அருந்ததியர் பெண் ஒருவர் பள்ளிச் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தகராறு செய்தார்கள். கூழ் வேண்டும், பழையது வேண்டும், அதன் சத்து வேண்டும். அதைச் சமைத்துப் பழகிய கை மட்டும் வேண்டாம்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

வெறும் வெள்ளை அரிசி உடம்புக்குப் போதாது என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. எங்கள் தெருவில் சர்க்கரை நோயும் ரத்தசோகையும் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. ஆனால் அதற்கு மருந்து அரிசியை நிறுத்துவது இல்லை. அரிசியோடு கம்பும் கேப்பையும் கூடுதல் பருப்பும் ரேஷனில் சேர வேண்டும். அந்தக் கம்பை உரலில் குத்தச் சொல்லாமல், உமி நீக்கும் எந்திரம் ஊருக்கு ஒன்று வேண்டும். மானாவாரிச் சிறுதானியத்துக்குக் கட்டுப்படியாகும் கொள்முதல் விலை வேண்டும். காட்டு வேலை இல்லாத மாதங்களில் கூலி வேலைக்கு உத்தரவாதம் வேண்டும்.

வீட்டுக்குள்ளும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. நாங்கள் ஐந்து பேர். அப்பாவுக்கும் எனக்கும் முதலில், அக்காக்களுக்கு அடுத்து, சட்டியை வழித்துக் கடைசியில் அம்மா. குழம்பு பத்தாத நாட்களில் அம்மா, "எனக்கு மோருதான் புடிக்கும்" என்பார். அவருக்கு மோர் பிடிக்காது என்பது எனக்கு இருபத்தைந்து வயதில்தான் தெரியும். எங்கள் வீட்டுச் சிக்கனத்தின் பெரும்பங்கு அவர் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டது. ஊர் எங்களுக்குச் செய்ததில் ஒரு பங்கை நாங்கள் அவருக்குச் செய்தோம்.

மாதக் கடைசியில் காசில்லாமல் திண்டாடும் இளைய தோழர்களே, தட்டப்பயறை வறுத்து வேகப் போடுங்கள், சோற்றில் தண்ணீர் ஊற்றி வையுங்கள், அதலைக்காய் கிடைத்தால் விடாதீர்கள். அது நம்முடைய அறிவு, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் யாராவது அதைக் காட்டி, 'இப்படிச் சிக்கனமாக வாழ்ந்தவர்கள்தானே நீங்கள், எதற்கு இலவசம், எதற்குக் கூலி உயர்வு?' என்று கேட்டால், அந்தச் சிக்கனம் யாருடைய லாபமாகப் போனது என்று திருப்பிக் கேளுங்கள்.

போன வாரம் அம்மாவிடம் கேட்டேன். "பழைய காலத்துச் சாப்பாடெல்லாம் திரும்பச் சாப்பிட ஆசையா இருக்காம்மா?"

"அதலக்கா திங்க ஆசையாத்தான் இருக்கு," என்றார். "அந்தக் காலத்துக்குப் போக ஆசையில்ல."

இன்றிரவு எங்கள் அறையில் பருப்பும் முருங்கைக்கீரையும். அறைத் தோழர் பாத்திரம் கழுவ ஒப்புக்கொண்டிருக்கிறார். உதவித்தொகை இன்னும் வரவில்லை. நாளை மறுபடியும் மனு கொடுக்கப் போகிறோம். சாப்பிட்டுவிட்டுத்தான் போவோம்.